ஸ்கீக்கு அடியில் எலுமிச்சம்பழம்

ஏழாம் அத்தியாயம்

நன்றாக ஓடுகிற ஒரு பொருளைக் கண்டால் இந்தக் காலத்து மனிதர்களுக்குக் கை சும்மா இருப்பதில்லை. கழற்ற வேண்டும். கழற்றிய இடத்தில் வேறொன்றை மாட்ட வேண்டும். மாட்டியதைப் படம் பிடித்து ஊருக்குக் காட்ட வேண்டும். அது உடைந்ததும் பழியைச் சுமக்க ஓர் ஆளைத் தேட வேண்டும். எழுபத்தொரு வயதில் தேவராசா லண்டனைப் பற்றி அறிந்துகொண்டது இவ்வளவுதான். இதற்குமேல் அறிய அவருக்கு விருப்பமும் இல்லை.

இப்போது அவர் முன்னால் நின்ற சைக்கிளுக்குச் சக்கரம் கிடையாது. முன்சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் பனியில் சறுக்கும் நீளப் பலகையான ஒரு ஸ்கீ, பின்சக்கரத்தின் இடத்தில் இன்னொன்று. கிழக்கு லண்டனில் ஃபாரஸ்ட் கேட் என்ற பகுதியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் லக்‌ஷன் அதற்கு ஒரு பெயரும் வைத்து, கண்ணாடிக்குப் பின்னால் மாலை போட்டு நிறுத்தியிருந்தான். அரை அங்குலம் பனி விழுந்தால் ரயிலை நிறுத்திவிட்டுப் போர்வைக்குள் புகுந்துகொள்கிற ஊரில், பனியில் ஓட்ட சைக்கிள்.

"சில்லில்லாத சைக்கிளுக்குப் பெடல் ஏன் தம்பி?" என்றார் தேவராசா.

"கால் வைக்க, அங்கிள்."

"மிதிச்சால்?"

"ஒண்டும் நடவாது."

"எங்க ஆபீஸ் மாதிரி," என்றாள் கோதை.

கோதை திருச்சிக்காரி. நகரசபையான கவுன்சிலில் பார்க்கிங் அபராத டிக்கெட் எழுதும் வேலை. தினம் நூறு பேரிடம் திட்டு வாங்கி அவளுக்குத் தோல் தடித்து, நாக்கு கூர்மையாகிவிட்டது. விடுமுறை நாட்களில் தேவராசாவோடு சுற்றுவாள். அவர் துப்பறிகிறார் என்று அவள் சொல்லிக்கொண்டாள். அவர் அப்படிச் சொன்னதில்லை. யாரையும் நம்பாத மனிதர் என்று ஊரில் பெயரெடுத்திருந்தார். நம்ப முடியாத சங்கதி நடந்தால் சனம் அவரிடம் வந்து நின்றது. அவ்வளவுதான். கடவுளே வந்தாலும் அடையாள அட்டை கேட்பார், அதிலும் படம் பொருந்தவில்லை என்பார் என்று கோதை பரப்பி வைத்திருந்தாள்.

ஆனால் லக்‌ஷன் அவரைக் கடைக்கு அழைத்ததற்குக் காரணம் வேறு. லண்டன் வருமுன் தேவராசா இருபத்திரண்டு வருடம் சுவிஸில் இருந்தார். மலையூர் ஒன்றில், ஸ்கீ வாடகைக்கு விடும் கடையின் நிலவறையில், விளிம்பு தீட்டுவதும் மெழுகு பூசுவதும் வேலை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். ஒரு ஸ்கீயைத் தட்டிப் பார்த்தே அதன் சாதகத்தைச் சொல்லுவார். ஒருநாளாவது ஸ்கீ மேல் ஏறி நின்றாரா என்றால், இல்லை. விழுவதற்கு வரிசையில் நிற்கிறவர்களை இருபத்திரண்டு வருடம் பார்த்தவருக்கு அந்த ஆசை எப்படி வரும்?

லக்‌ஷனின் சங்கடம் இது. இரண்டு மாதம் முன்பு இல்ஃபோர்டில் இருக்கும் அஷ்வின் என்பவனின் சைக்கிளுக்கு ஸ்கீ மாட்டிக் கொடுத்தான். வங்கியில் வேலை பார்க்கும் கோயம்புத்தூர்ப் பையன். அவன் அதை விமானத்தில் ஏற்றி ஆல்ப்ஸ் மலைக்குக் கொண்டுபோய், ஆபீஸ் சிநேகிதர்கள் கண் முன்னால் ஓட்டினான். இரண்டாவது திருப்பத்தில் முன்ஸ்கீ தனியாகக் கழன்று போனது. ஸ்கீ ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம், அஷ்வின் ஒரு மரத்தின் பக்கம். தோள்பட்டை எலும்பு முறிந்தது. இப்போது லக்‌ஷனுக்கு அஷ்வினிடமிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. 'நான் மாட்டிய ஸ்கீ தரமற்றது, தவறு முழுவதும் என்னுடையது, இனி இந்த வேலை செய்ய மாட்டேன்' என்று கையெழுத்திட்டு இன்று மாலை ஐந்து மணிக்குள் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் கவுன்சிலுக்குப் புகார், கூடவே கிழக்கு லண்டன் தமிழர் வாட்ஸப் குழுக்கள் அத்தனையிலும் அறிவிப்பு. கையெழுத்துப் போட்டாலும் கடைக்கு இன்சூரன்ஸ் தர ஆள் இருக்காது. எந்தப் பக்கம் போனாலும் கடை போகும்.

லக்‌ஷன், தான் எப்படிப்பட்ட பலகையைத் தேர்ந்தெடுக்கிறான் என்று மூச்சு விடாமல் சொன்னான். வாடகைக் கடைகள் கழித்துவிடும் பழைய ஸ்கீதான் வாங்குவான். உள்ளே மரக்கட்டை வைத்தது மட்டும். வாலை அறுத்து நூற்றிருபது சென்டிமீட்டராக்குவான். சைக்கிளைத் தாங்கும் இரும்புக் காலை நடுவிலிருந்து கொஞ்சம் பின்தள்ளி நாலு போல்டில் இறுக்குவான், மூக்கு பனிக்குள் குத்தாமல் மேலே மிதக்க வேண்டும் என்பதற்காக. கடைசியில் புலிக்கோடு போட்ட ஸ்டிக்கரை மேலே ஒட்டுவான்.

"மரத்திலை இறுக்கின போல்ட் பிய்யாது அங்கிள். சத்தியமா."

சத்தியம் என்ற சொல்லைக் கேட்டாலே தேவராசாவுக்குச் சந்தேகம் இரட்டிப்பாகும். வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். லக்‌ஷன் கைபேசியில் ஒரு வீடியோவைக் காட்டினான். அஷ்வினின் சைக்கிளுக்கு நடந்த பூசை. லக்‌ஷனின் அம்மா நகுலேஸ்வரி கற்பூரம் காட்டிவிட்டு, புது வாகனமென்றால் எலுமிச்சம்பழம் நசுக்காமல் வாசல் தாண்டக் கூடாது என்று பிடிவாதமாக நின்றார். சக்கரம் இருந்தால் உருட்டலாம். இதற்கு எங்கே சக்கரம்? ஸ்கீக்கு ஒன்றாக இரண்டு பழத்தை அடியில் வைத்தார்கள். சைக்கிள் பழத்தின் மேல் அசையாமல் குந்திக்கொண்டிருந்தது. கடைசியில் லக்‌ஷனும் இரண்டு வாடிக்கையாளர்களும் மேலே ஏறிக் குதித்தார்கள். முன்பழம் வழுக்கி இடப்பக்க விளிம்புக்கு வந்து வெடித்தது. பின்பழம் நடுவில் சிதறி இரு விளிம்பிலும் வழிந்தது.

"இதைத் துடைச்சனீரோ?"

"அம்மா விடேல்லை. பூசை செய்ததை அண்டைக்கே துடைக்கக் கூடாதாம். அடுத்த நாள் காலமைதான் துடைச்சனான்."

தேவராசா வீடியோவை இரண்டாம் தரம் போடச் சொன்னார். பிறகு கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, செருப்பு வாங்கின காலத்திலிருந்து மடித்து வைத்திருக்கும் ஒரு பிளாஸ்டிக் பையைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு எழுந்தார்.

*

ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து இல்ஃபோர்டுக்கு எலிசபெத் லைன் ரயிலில் இரண்டே ஸ்டேஷன். அதற்குள் கோதை எலுமிச்சம்பழத்தில் என்ன துப்பு இருக்கிறது என்று மூன்று முறை கேட்டுவிட்டாள். தேவராசா மூன்றாம் முறைதான் வாயைத் திறந்தார். ஸ்கீயின் அடியில் இரண்டு பக்கமும் மெல்லிய இரும்பு விளிம்பு ஓடும். பனிக்கட்டியை வெட்டிப் பிடிப்பது அதுதான். சுவிஸில் ஒரு தரம் யாரோ ஒருத்தியின் ஸ்கீப் பைக்குள் தோடம்பழம், அதாவது ஆரஞ்சு, நசுங்கி, அந்தப் புளிப்பு ஓரிரவு விளிம்பில் கிடந்தது. விடிந்தபோது பழுப்புத் தழும்பு. அரை மணி நேரம் அரத்தால் தேய்த்தும் அடையாளம் போகவில்லை. எலுமிச்சம்பழத்தின் புளிப்பைச் சொல்லத் தேவையில்லை.

"அப்ப உடைஞ்ச ஸ்கீல தழும்பு இருந்தா அது லக்‌ஷன் மாட்டினது. இல்லாட்டி எவனோ மாத்திட்டான்," என்றாள் கோதை.

"ஓம்."

"இருந்தா?"

"லக்‌ஷன் கையெழுத்துப் போடவேணும்."

"இவ்வளவுதான் கேஸா? நான் நிறுத்தக் கூடாத மஞ்சக் கோட்டுல நிக்கிற வண்டிக்கே இதைவிட அதிகமா யோசிப்பேன்."

எதிர் இருக்கையில் ஒருவன் தன் கைபேசியில் வேறொருவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு பசியோடு இருந்தான். அதைப் பார்த்து முகத்தைச் சுளிப்பதில் தேவராசா மும்முரமாக இருந்தார்.

*

ஒன்பதாம் மாடி. கதவைத் திறந்தவர் அஷ்வினின் மாமனார் சேகர். கோயம்புத்தூரில் பம்ப்செட் கம்பெனி ஒன்றில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு மாத விசாவில் மகள் பிரீத்தா வீட்டுக்கு வந்து நாலாவது மாதம் ஓடிக்கொண்டிருந்தது. மகள் டாக்டர், ஷிப்டுக்குப் போயிருந்தாள். கூப்பிட்ட மரியாதையும் கும்பிட்ட கையுமாக மனிதர் பணிவாகத்தான் இருந்தார். அந்தப் பணிவு தேவராசாவுக்குப் பிடிக்கவில்லை.

வாசலை ஒட்டிய ஒடுக்கமான நடையில் செருப்புத் தட்டு ஒன்று இருந்தது. கோதை தன் பூட்ஸைக் கழற்றி அதில் வைத்தாள். தட்டுக்கு மேலே சுவரில் இருந்த வளைந்த கொக்கியில் கோட்டை மாட்டினாள். ஏதோ முணுமுணுத்தபடி ஒரு கால் கட்டைவிரலைத் தடவிக்கொண்டாள். தேவராசா கோட்டைக் கழற்றவில்லை. செருப்பைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, முடிச்சும் போட்டு, கையோடு உள்ளே கொண்டுபோனார். சுவிஸில் ஒரு கோயில் வாசலில் மழைநாளில் செருப்பைப் பறிகொடுத்து வெறுங்காலோடு ட்ராமில் வந்தவர் அவர். அதற்குப் பிறகு எந்த வாசலையும் அவர் நம்பியதில்லை.

அஷ்வின் இடது கையைத் துணித் தொட்டிலில் தொங்கவிட்டுக்கொண்டு சோபாவில் இருந்தான். வலியைவிட அவமானம்தான் அவனுக்குப் பெரிதாக இருந்தது. விழுந்ததை ஆபீஸில் பதினொரு பேர் படம் பிடித்தார்களாம். அதில் ஒருத்தி பாட்டும் சேர்த்துவிட்டாளாம். அதையெல்லாம் அவன் ஆத்திரத்தோடு சொல்லிக்கொண்டிருக்கையில் சேகர் காப்பி கொண்டுவந்தார். தேவராசா ஒரு வாய் குடித்தார். வெந்நீரில் காப்பியின் பெயரை எழுதிக் கழுவியது போல இருந்தது.

"டிகாஷன் இறங்க லேட்டாகுதுன்னு ஃபில்டர்ல இன்னும் பன்னெண்டு ஓட்டை போட்டேனுங்க," என்று சேகர் பெருமையோடு சொன்னார். "இப்ப ரெண்டே நிமிசம்."

"காப்பியும் ரெண்டே நிமிஷத்துல மறந்துடும்," என்றாள் கோதை, கோப்பைக்குள் பார்த்து.

அந்த வீட்டில் மாமனாரின் கைவண்ணம் இன்னும் பல இடங்களில் தெரிந்தது. சமையலறைக் குழாய் எதிர்ப்பக்கம் திருகினால்தான் திறந்தது. துணி காயப்போடும் கம்பி கப்பியில் ஏறி இறங்கியது. தொலைக்காட்சி அலமாரியின் கைப்பிடி குக்கருக்குப் போய், குக்கரின் கைப்பிடி அலமாரிக்கு வந்திருந்தது. ஜன்னலோரம் பெட்டி நிறுக்கும் கைத்தராசு ஒன்று தொங்கியது. அதைத் தேவராசா பார்ப்பதைக் கண்டு அஷ்வின் மாமனாரைப் புகழ்ந்தான். மாமாவை மாதிரிப் பெட்டி கட்ட இன்னொருவர் பிறந்து வரவேண்டும். சைக்கிளை லக்‌ஷன் கடையில் வைத்து நிறுத்தபோது பெட்டியோடு இருபத்துநாலரைக் கிலோ காட்டியதாம். விமானத்துக்கு இருபத்துமூன்றுதான். மாமா ஒருநாள் இரவு உட்கார்ந்து பிரித்துக் கட்டினார், இருபத்திரண்டு புள்ளி ஒன்பது. விமான நிலையத்துப் பெண்ணே சிரித்தாளாம்.

சேகர் காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். கோதையின் கோப்பை காலியாகவில்லை. அதையும் எடுத்துப் போனார்.

பிறகு ஸ்கீ வந்தது. புலிக்கோட்டு ஸ்டிக்கர், லக்‌ஷன் ஒட்டியதேதான். நடுவில் நாலு ஓட்டையும் வாய் பிளந்து கிடந்தன. தேவராசா மடியில் வைத்து விரல் முட்டியால் தட்டினார். மரமென்றால் 'டொக்' என்று எதிர்த்துப் பேசும். இது 'பொத்' என்றது. ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுத் திருகினார். பழைய கேக்கைப் போல மஞ்சள் நுரைத்தூள் உதிர்ந்தது. பிள்ளைகளுக்கான ஸ்கீ. நிறை குறைய வேண்டுமென்று உள்ளே நுரையை நிரப்பிச் செய்வது. இருபது கிலோப் பிள்ளையைத் தாங்கும். எண்பது கிலோ வங்கிக்காரன் திரும்பும்போது போல்ட் பல்லுப் பிடுங்கின மாதிரிக் கழன்று வரும்.

அவர் ஸ்கீயைப் புரட்டி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இடது விளிம்பை மூக்கிலிருந்து வால்வரை தடவினார். பளபளவென்று இருந்தது. ஒரு பழுப்புப் புள்ளி இல்லை. பின்ஸ்கீயைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அதுவும் அப்படித்தான்.

"இது எலுமிச்சம்பழத்திலை ஏறின ஸ்கீ இல்லை," என்றார்.

அஷ்வினுக்கு விளங்கவில்லை. பூசையையும் தழும்பையும் கோதை விளக்கினாள். அவன் ஒரு கணம் யோசித்தான். பிறகு நல்ல கையால் சோபாவைத் தட்டினான். பூசை முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் அவன் சைக்கிளை எடுத்து வந்தானாம். அப்படியானால் லக்‌ஷன் வீடியோவில் காட்ட நல்ல பலகையை மாட்டி, கொடுக்கும்போது மட்டமானதை மாட்டிக் கொடுத்திருக்கிறான். அலட்சியம் இல்லை, ஏமாற்று. கடிதத்தில் அதையும் சேர்க்க வேண்டும். அவன் அப்போதே கைபேசியை எடுத்துத் தட்டத் தொடங்கினான்.

தேவராசாவுக்கும் அது சரியாகத்தான் பட்டது. அவர் லக்‌ஷனை எப்போது நம்பினார்? சத்தியம் செய்கிற வாய் அது. கையில் இரண்டு நாள் இருந்திருக்கிறது. ஸ்டிக்கரும் அவனிடம்தான் இருந்தது. மணி நாலே முக்கால்.

"அண்ணே, அந்தப் பையனைக் காப்பாத்த வந்தீங்களா, காட்டிக் குடுக்க வந்தீங்களா?" என்றாள் கோதை தணிந்த குரலில்.

"நான் பாக்க வந்தனான். பாத்திட்டன்."

*

வாசலுக்கு வந்தார்கள். தேவராசா பிளாஸ்டிக் பையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருக்கையில் கோதை தட்டிலிருந்து பூட்ஸை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்று, காலைத் தூக்கிக் காலுறையைக் காட்டினாள். கட்டைவிரல் பக்கம் சவரக் கத்தியால் கீறியது போல ஒரு நேர்கோட்டுக் கிழிசல்.

"வரும்போதே கீறிச்சு. வீட்டுக்கு வீடு செருப்புத் தட்டு பாத்துருக்கேன் அண்ணே. சாக்ஸ் வெட்டுற தட்டை இங்கதான் பாக்குறேன்."

தேவராசாவின் கை முடிச்சில் நின்றுவிட்டது.

பலகை காலுறையைக் கிழிக்கும். மரச் சிலாம்பு ஏறினால் நூல் பிரியும், நூல் தொங்கும். இப்படி நேராக வெட்டாது. நேராக வெட்டுவதற்குத் தீட்டிய இரும்பு வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் அவர் கையுறைகள் எத்தனையோ இப்படித்தான் போயின.

எழுபத்தொரு வயதுக்காரர் அந்த ஒடுக்கமான நடையில் நாலு காலில் குனிந்தார். தட்டிலிருந்த செருப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தார். மேலும் கீழுமாக இரண்டு பலகை. வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்தது. ஒவ்வொன்றின் நடுவிலும் நாலு ஓட்டை, ஒரு சோடி சப்பாத்து வைத்தால் மறைந்துவிடும். முட்டியால் தட்டினார். டொக். தலையை நிலத்தில் படுமளவுக்குச் சாய்த்து அடியைப் பார்த்தார். இரண்டு பக்கமும் இரும்பு விளிம்பு. மேல்பலகையின் இடப்பக்க விளிம்பில், பெருவிரல் அகலத்துக்கு ஒரு பழுப்புத் தழும்பு. கீழ்ப்பலகையில் இரு விளிம்பிலும் நேருக்கு நேர்.

எழும்பி, கோதையின் கோட்டு தொங்கிய கொக்கியைப் பார்த்தார். மூக்கை அறுத்தால் பலகை நேராகும். அறுத்த மூக்கு இரண்டும் சுவரில் வளைந்து நின்றன.

நம்பி வாசலில் செருப்பை விட்டிருந்தால் வந்த முதல் நிமிடமே கண்டிருப்பார். அதை நினைத்தபோது அவருக்குக் கோதைமேல்தான் கோபம் வந்தது.

"தம்பி அஷ்வின், இஞ்சை ஒருக்கா வாரும்."

அஷ்வின் வந்தான். சமையலறையில் கோப்பை கழுவும் சத்தம் நின்றது.

தேவராசா தழும்பைக் காட்டினார். பிறகு கணக்குத் தெரிந்த வங்கிக்காரனிடமே ஒரு கணக்குக் கேட்டார். இருபத்துநாலரையிலிருந்து இருபத்திரண்டு புள்ளி ஒன்பதுக்கு எவ்வளவு? ஒன்று புள்ளி ஆறு என்றான் அஷ்வின். மர ஸ்கீ இரண்டுக்கும் நுரை ஸ்கீ இரண்டுக்கும் உள்ள வித்தியாசமும் கிட்டத்தட்ட அதேதான். பெட்டியைப் பிரித்துக் கட்டினால் சாமான் இடம் மாறும், நிறை எங்கே போகும்?

அஷ்வின் மெதுவாகச் சமையலறைப் பக்கம் திரும்பினான்.

சேகர் கையைத் துடைத்தபடி வந்து நின்றார். முதலில் தட்டைத் தெருவில் கண்டெடுத்ததாகச் சொன்னார். தெருவில் எலுமிச்சம்பழம் நசுக்கி வைத்திருந்தார்களா என்று கோதை கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மாப்ள ஒண்ணரைக் கிலோ ஜாஸ்தின்னு கவலைப்பட்டுட்டு இருந்தாருங்க," என்றார். "நம்ம கையில வந்த பெட்டி என்னிக்குங்க எடை ஜாஸ்தின்னு திரும்பியிருக்கு? பழைய சாமான் கடையில இதே நீளத்துல லேசா ஒரு ஜோடி கெடந்துது. இரும்புக் கால்களைக் கழட்டி அதுல மாட்டுனேன். கடைக்காரத் தம்பி கூடக் குடுத்துவிட்ட ஸ்டிக்கரை ஒட்டுனேன். பலகை பலகைதானுங்களே, ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்."

பிறகு சொன்னது அவ்வளவு எளிதாக வரவில்லை. மாப்பிள்ளை வீட்டில் நாலு மாதமாகச் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறோமே என்று இருந்ததாம். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்த அன்றே சொல்லியிருக்க வேண்டும். பிரீத்தா முகத்தை எப்படிப் பார்ப்பது? கடைக்காரன் பேரைச் சொன்னார்கள், பேசாமல் இருந்துவிட்டார். அந்தப் பையனுக்கு அம்மா இருக்கிறார் என்று அவருக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார் என்றார்.

அம்மா இல்லாதவனின் கடை போனால் பரவாயில்லையா என்று கேட்கத் தேவராசாவின் நாக்கு துடித்தது. கேட்டும்விட்டார்.

ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் கதவு மணி அடித்தது. மாமனாரின் திருத்தத்தால் அது இரண்டு தரம் அடித்து ஒரு தரம் விக்கியது. வாசலில் லக்‌ஷன். கையில் கடிதம். கையெழுத்துப் போட்டே கொண்டு வந்திருந்தான். கவுன்சிலைவிட வாட்ஸப் குழுவுக்குத்தான் பயந்தானாம், அம்மா அதில் இருக்கிறாராம்.

அஷ்வின் அந்தத் தாளை வாங்கினான். ஒரு கையால் கிழிக்க முடியவில்லை. ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு இழுத்தான், அப்படியும் கோணலாகத்தான் கிழிந்தது. கோதை வாங்கி நாலாகக் கிழித்துக் கொடுத்தாள். தாளைக் கொடுப்பதுதான் என் தொழில், கிழிப்பது இன்றைக்குத்தான் என்றாள். அடுத்த பத்து நிமிடத்தில் குழுக்களுக்கெல்லாம் மன்னிப்புச் செய்தி போனது. மாமாவின் பெயர் அதில் இல்லை. 'குடும்பத்தில் ஏற்பட்ட ஒரு தொழில்நுட்பத் தவறு' என்று இருந்தது.

லக்‌ஷன் செருப்புத் தட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். சேகர் அவன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். கேட்ட கையோடு, அந்த இரும்புக் காலில் ஒரு ஸ்பிரிங் வைத்தால் எப்படியிருக்கும் என்றும் கேட்டார். லக்‌ஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வைக்கலாம் அங்கிள், ஆனால் இடம் காணாது, ஒடுக்கம் என்றான். அஷ்வின் கைபேசியில் ஒரு படம் தேடி இருவருக்கும் நடுவில் நீட்டினான். செருப்புத் தட்டைக் கழற்றி மூன்று பேரும் மடியில் வைத்துக்கொண்டார்கள். கால்மணி நேரத்துக்கு முன் ஒருவன் கடையை ஒருவன் மூட இருந்தான் என்று இப்போது யாரும் நம்ப மாட்டார்கள்.

தேவராசா குனிந்து, அந்தப் பலகையின் ஓட்டை ஒன்றில் தீக்குச்சியை விட்டு உள்சுவரைச் சுரண்டினார். வெறும் மரம். துளைத்த இடத்தில் பசை தடவாவிட்டால் பனிநீர் உள்ளே இறங்கும். கட்டை ஊறும். ஒரு பருவம் தாங்கும், அடுத்த பருவம் இதே போல்ட் இதே மாதிரிப் பிடுங்கும்.

"தம்பி, ஓட்டைக்குப் பசை விடேல்லை நீர்."

லக்‌ஷன் தலையை நிமிர்த்தாமல் சிரித்தான். "அது ஒண்டும் செய்யாது அங்கிள்."

"ஆமாங்க, ஒண்ணும் ஆகாது," என்றார் சேகர்.

தேவராசா தீக்குச்சியை முறித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கதவைத் தாண்டிப் போய், வெளியே நின்று, பையிலிருந்து செருப்பை எடுத்து மாட்டினார். பிறகு ஏதோ நினைத்துத் திரும்பி, அஷ்வினிடம் ஒரேயொரு கேள்வி கேட்டார். ஸ்கீ பாதி நிறையாய்ப் போனதே, மலையில் பெட்டியைத் திறந்து கையில் தூக்கினபோது தெரியவில்லையா?

அஷ்வின் வெட்கப்பட்டான். "தெரிஞ்சுது அங்கிள். அப்ப ஜிம்ல சேர்ந்து மூணு மாசம். உடம்பு ஏறிடுச்சுன்னு நெனச்சேன்."

கோதை சிரித்த சிரிப்பு ஒன்பது மாடிக்கும் கேட்டிருக்கும். லிஃப்டுக்குள்ளும் அவளுக்கு அடங்கவில்லை. கண்ணைத் துடைத்தபடி, அந்த அப்பாவியையும் சந்தேகப்படாதீங்கண்ணே, பாவம், அவன் உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருப்பான் என்றாள்.

தேவராசா லிஃப்ட் கண்ணாடியில் தன் கோட்டுப் பொத்தான்களைச் சரிபார்த்தார். எண்ணிக்கை சரியாக இருந்தது.

"மூண்டு மாசத்து ஜிம்," என்றார். "பாதி நிறை."

கதவு திறந்தது. ஸ்டேஷன் பக்கம் நடந்தார். கோதை பின்னால் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். மஞ்சள் கோட்டில் நின்ற ஒரு காரைப் பார்த்து அவள் பழக்க தோஷத்தில் நின்றுவிட்டாள். அவர் நிற்கவில்லை.

"மாமன் செய்ததை மருமோன் அறியேல்லையாம்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தலையை ஆட்டியபடி, அவர் போய்க்கொண்டே இருந்தார்.